மகளுக்கு 2038, மகனுக்கு 2044: கல்விப் பணத்தைத் தேதி பார்த்துப் பிரியுங்கள்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, கடன் முடிய இன்னும் பல வருடம் இருக்கிறது. மகள் 2019ல் பிறந்தவள், தொடக்கநிலை ஒன்று படிக்கிறாள். மகன் 2023 கடைசியில் பிறந்தான், பாலர் பராமரிப்பு நிலையத்துக்குப் போகிறான். எல்லாரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். பிள்ளைகளின் மேற்படிப்புக்கென்று மாதம் 600 வெள்ளி ஒதுக்க முடியும். என் அத்தை மகன் காப்புறுதி முகவர். இரண்டு பிள்ளைகள் பேரிலும் 'கல்வித் திட்டம்' எடுக்கச் சொல்கிறார். கணவரோ தஞ்சாவூர்ப் பக்கம் மனை வாங்கலாம், இல்லையென்றால் இந்திய வங்கியில் 7 விழுக்காட்டுக்கு வைப்புத்தொகை போடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: சகோதரி, எந்தத் திட்டம் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு தாளில் இரண்டு ஆண்டுகளை எழுதிக்கொள்ளுங்கள். மகள் தொடக்கக்கல்லூரி வழியாகப் போனால் 2038 ஆகஸ்ட்டில் பல்கலைக்கழகத்தில் சேருவாள். மகன் அதே வழியில் போனாலும் இரண்டு ஆண்டு தேசிய சேவையை முடித்துவிட்டு 2044ல்தான் சேருவான். பலதுறைத் தொழிற்கல்லூரி வழி என்றால் இருவருக்கும் இன்னும் ஓராண்டு தள்ளிப்போகும். பிறப்பில் நான்கு வயது இடைவெளி, கட்டணம் கட்டும்போது ஆறு வருடமாகிவிடுகிறது. ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டு வருடம், இன்னொரு பிள்ளைக்குப் பதினெட்டு வருடம். இரண்டு பேருக்கும் ஒரே திட்டத்தை ஒரே மாதிரி எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்து, எவ்வளவு தேவை? உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் குடிமக்களுக்கு மானியம் கழித்த கட்டணம், பெரும்பாலான பாடங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 8,000 முதல் 10,000 வெள்ளி. சட்டம் அதைவிடக் கூடுதல், மருத்துவம் பல மடங்கு. 9,000 வெள்ளி என்று வைத்து, ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறுவதாகக் கொண்டால், மகள் சேரும்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 12,800 ஆகும். நான்கு வருடத்துக்கு 50,000 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். மாதம் 300 வெள்ளியைப் பன்னிரண்டு ஆண்டு, 3 விழுக்காட்டில் சேர்த்தால் சுமார் 52,000 வரும். கிட்டத்தட்ட போதும்! மகனுக்கு அதே 300 வெள்ளி பதினெட்டு ஆண்டில், 3 விழுக்காட்டில் 85,000ஐத் தாண்டும். 5 விழுக்காடு கிடைத்தால் ஒரு லட்சத்தைத் தாண்டும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல பெற்றோர் பயத்தில்தான் திட்டங்களில் கையெழுத்துப் போடுகிறார்கள். உள்ளூர்ப் பட்டப்படிப்பு உங்கள் கைக்கு எட்டாத தொகை இல்லை. வெளிநாடு என்றால் கணக்கே வேறு. ஆஸ்திரேலியாவில் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 40,000 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டுவது சாதாரணம், தங்கும் செலவு தனி. அதை முழுக்கச் சேமித்துத்தான் ஆகவேண்டும் என்று இப்போதே உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டு மருத்துவப் படிப்பு மனதில் இருந்தால் ஒன்று மட்டும்: சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் கல்லூரிகளின் பட்டியல் குறுகியது. அதைப் பார்க்காமல் ஊரில் எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

சரி, அரசாங்கம் தருவதை முதலில் வாங்கிக்கொள்வோம். மகன் 2023 பிப்ரவரி 14க்குப் பிறகு பிறந்தவன் என்பதால் அவனுடைய பிள்ளை மேம்பாட்டுக் கணக்கில் முதல் மானியமாக 5,000 வெள்ளி வந்திருக்கும். அதற்கு மேல் நீங்கள் போடும் ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசு ஒரு வெள்ளி போடும். இரண்டாவது பிள்ளைக்கு இதன் உச்சவரம்பு 7,000. 2019ல் பிறந்த மகளுக்கு இந்த ஈட்டுத்தொகை, அதாவது உங்கள் பணத்துக்கு ஈடாக அரசு போடுவது, 3,000 வரை. 'அந்தப் பணம் பராமரிப்பு நிலையத்துக்கே போய்விடுமே' என்று பலர் இதில் போடாமல் விடுகிறார்கள். பராமரிப்பு நிலையக் கட்டணத்தை எப்படியும் மாதாமாதம் கட்டத்தானே போகிறீர்கள்? அதே பணத்தை இந்தக் கணக்கு வழியாகக் கட்டினால் பாதி அரசின் பணம். உங்கள் கையில் மிஞ்சுவதை மேற்படிப்புக்குத் திருப்பிவிடலாம். போட்ட பணம் அப்படியே இரட்டிப்பாகும் முதலீடு வேறெங்கும் கிடையாது.

இந்தக் கணக்கில் மிஞ்சுவது, பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும் ஆண்டின் முடிவில் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்குக்கு மாறும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு பணம் போடும் எடுசேவ் கணக்கில் செலவழியாத பணமும் பிறகு அங்கேதான் போய்ச் சேரும். அந்தக் கணக்குக்கு இப்போது 2.5 விழுக்காடு வட்டி கிடைக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரி, தொழில்நுட்பக் கல்விக் கழகம், உள்ளூர்ப் பல்கலைக்கழகம் என்று அங்கீகரித்த படிப்புகளுக்கு அதிலிருந்து கட்டலாம்.

கடைசிப் பாதுகாப்பாக இரண்டு கடன்கள் இருக்கின்றன. கல்வி அமைச்சின் கட்டணக் கடன், பல்கலைக்கழகத்தின் மானியம் கழித்த கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கொடுக்கும்; படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. இன்னொன்று, சம்பளத்திலிருந்து பிடித்துச் சேர்க்கும் உங்கள் மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து எடுக்கும் கல்விக் கடன். உள்ளூரில் அங்கீகரித்த முழுநேரப் படிப்புக்கு மட்டும்தான் இது உண்டு, வெளிநாட்டுக்குக் கிடையாது. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்து உங்கள் பிள்ளை அதை வட்டியோடு ரொக்கமாக உங்கள் கணக்குக்கே திருப்பிக் கட்ட வேண்டும், அதிகபட்சம் 12 ஆண்டில். ஆனால் சாதாரணக் கணக்கை மாதாமாதம் வீட்டுக் கடன் தின்றுகொண்டிருந்தால் எடுக்க அங்கே ஒன்றும் இருக்காது. ஆகவே இதை நம்பி இருக்க வேண்டாம், இருந்தால் நல்லது.

இப்போது அத்தை மகனின் 'கல்வித் திட்டம்'. அது ஒரு சேமிப்புக் காப்புறுதி. அதன் பெயரில் கல்வி இருப்பதால் எந்தப் பல்கலைக்கழகமும் இடம் தரப்போவதில்லை, கட்டணமும் குறையாது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவரிடம் பலன் விளக்கப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் மூன்று எண்களை நீங்களே பேனாவால் வட்டமிடுங்கள். முதலாவது, முதிர்வில் உத்தரவாதமாகக் கிடைக்கும் தொகை. மாதம் 300 வீதம் பன்னிரண்டு ஆண்டில் நீங்கள் கட்டுவது 43,200. உத்தரவாதத் தொகை இதற்குப் பக்கத்திலேயே நின்றால், அதற்கு மேல் காட்டுவதெல்லாம் 'கிடைக்கலாம்' என்ற கணக்கு. இரண்டாவது, மூன்றாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு, எட்டாம் ஆண்டில் நிறுத்தினால் கைக்கு வரும் சரண் மதிப்பு. மூன்றாவது, மொத்த விநியோகச் செலவு, அதாவது முகவருக்கும் விற்பனைக்கும் உங்கள் பணத்திலிருந்து போவது.

அந்தப் பட்டியலில் ஆண்டுக்கு 4.25 விழுக்காடு, 3 விழுக்காடு என்று இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். நிறைய பேர் '4.25 கிடைக்கும்' என்று புரிந்துகொள்கிறார்கள். இல்லை. அது காப்புறுதி நிதி முதலீட்டில் ஈட்டுவதாக வைத்துக்கொள்ளும் விழுக்காடு. செலவெல்லாம் கழிந்து உங்களுக்கு வருவது அதைவிடக் குறைவு. உங்களுடைய ஈட்டு விகிதம் அதே பட்டியலில் வேறு வரியில் தனியாக இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள்.

என் மூத்த பிள்ளை பிறந்த புதிதில் நானும் இப்படி ஒன்றை எடுத்தேன். ஐந்தாம் ஆண்டில் வேலை போனது, கட்ட முடியவில்லை. கட்டியதில் பாதிக்குச் சற்று மேல்தான் திரும்பி வந்தது. நிறுவனம் ஏமாற்றவில்லை, எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததுதான், நான்தான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. அதனால்தான் சரண் மதிப்பை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இந்தத் திட்டங்களில் நல்ல அம்சம் ஒன்று உண்டு. பெற்றோருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மீதிச் சந்தாவை நிறுவனமே கட்டிக்கொள்ளும் பிரிவு. அந்தப் பாதுகாப்பு கண்டிப்பாக வேண்டும். ஆனால் அதைத் தனியாக டேர்ம் காப்புறுதியாக, அதாவது சேமிப்பு இல்லாமல் குறித்த காலத்துக்குப் பாதுகாப்பு மட்டும் தருவதாக வாங்கினால் கணிசமாக மலிவு. மத்திய சேம நிதி வழியாக வரும் சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டம் 60 வயது வரை அதிகபட்சம் 70,000 வெள்ளிதான் தரும். இரண்டு சின்னப் பிள்ளைகளும் வீட்டுக் கடனும் இருக்கும் குடும்பத்துக்கு அது போதாது. அத்தை மகனின் மனம் கோணக்கூடாது என்றால், அவரிடமே டேர்ம் காப்புறுதி எடுங்கள், உங்கள் பேரிலும் கணவர் பேரிலும். ஏற்கெனவே சேமிப்புத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், ஆவணம் கைக்கு வந்த 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

அப்புறம் கணவரின் யோசனை. 7 விழுக்காடு என்று கேட்டதும் மனம் அங்கே போவது இயல்பு. ஆனால் மகளின் கட்டணத்தை வெள்ளியில்தானே கட்டப்போகிறீர்கள்? ரூபாயையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். 2010ல் ஒரு வெள்ளிக்குச் சுமார் 33 ரூபாய், 2024ல் சுமார் 62. அன்றைக்கு 10,000 வெள்ளியை மாற்றி 3,30,000 ரூபாயை 7 விழுக்காட்டில் பதினான்கு வருடம் போட்டிருந்தால் 8,50,000 ரூபாய்க்கு வளர்ந்திருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. அதைத் திரும்ப வெள்ளியாக்கினால் ஏறத்தாழ 13,700. ஆண்டுக்கு 2.3 விழுக்காடு! மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கில் சும்மா கிடந்திருந்தாலே 2.5 கிடைத்திருக்கும். இனி வரும் ஆண்டுகளில் ரூபாய் எப்படிப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் அந்த அபாயத்தை மகளின் சேர்க்கைத் தேதியோடு கட்டிப்போட வேண்டாம்.

மனை இன்னும் சிரமம். வேண்டிய மாதத்தில் விற்காது. பாதி மனையை விற்று முதலாண்டுக் கட்டணம் கட்டவும் முடியாது. வெளிநாட்டில் இருப்பவர் விற்கும்போது வரிப்பிடித்தம், பணத்தை இங்கே கொண்டுவர ஆவணங்கள், இடையில் வேலியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். ஊர் மண் வேண்டும் என்ற ஆசை தவறில்லை, அதைக் கல்விப் பணத்தில் செய்ய வேண்டாம் என்கிறேன். விவசாய நிலம் என்றால் வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை வைத்திருப்போர் வாங்கவே முடியாது என்பதையும் கணவரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தேக்காவில் நகை வாங்கிச் சேர்க்கும் பழக்கம் இருந்தால்: செய்கூலியும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் விற்கும்போது திரும்பி வராது.

அப்படியானால் 600 வெள்ளியை என்ன செய்வது? ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இல்லையென்றால் முதலில் அதுதான். அதோடு மகனின் ஈட்டுத்தொகையை முடியுங்கள். இதற்கு ஓராண்டோ இரண்டாண்டோ போகும், போகட்டும்.

பிறகு மகளின் 300ஐச் சரிபாதியாகப் பிரிப்பேன். ஒரு பாதி சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்துக்கு. குறைந்தது 500 வெள்ளி என்பதால் நான்கு மாதம் சேர்த்து வைத்து வாங்கலாம்; ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 2 வெள்ளி கட்டணம். பத்தாண்டுப் பத்திரம் என்றாலும் எந்த மாதமும் அபராதமில்லாமல் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாம். அரசாங்கத்தின் உத்தரவாதம், முதல் குறையாது. வட்டி விகிதம் மாதாமாதம் மாறும், வாங்கும் மாதத்து அறிவிப்பைப் பாருங்கள். மறுபாதி பங்குகளுக்கு, அதுவும் தனிப் பங்கு இல்லை, ஒரு சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை மொத்தமாக வாங்கும் குறியீட்டு நிதி. சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டு நிதியில் வங்கி வழியாக மாதம் 100 வெள்ளியிலிருந்தே தானாகப் போட ஏற்பாடு செய்யலாம். அதில் மூன்று உள்ளூர் வங்கிகளின் கனம் மிக அதிகம் என்பதால், உலகப் பங்குகளைத் தொடரும் நிதியையும் சேர்த்துக்கொள்வது நல்லது. உலக நிதி வாங்கினால் அயர்லாந்தில் பதிவானதைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவில் பதிவான நிதியின் ஈவுத்தொகையில் நமக்கு 30 விழுக்காடு பிடிப்பார்கள், 60,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருந்தால் அங்கே மரபுரிமை வரியும் உண்டு.

மகனின் 300ல் பெரும்பங்கு, 250 வரைகூட, பங்கு நிதிகளுக்குப் போகலாம். பதினெட்டு வருடம் இருக்கிறது. ஆனால் ஒன்றைத் தெரிந்தே இறங்குங்கள்: 2008ல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீடு சுமார் 3,480லிருந்து 1,760க்கு விழுந்தது, ஒரே ஆண்டில். அப்படியொரு ஆண்டு மகன் உயர்நிலை இரண்டில் இருக்கும்போது வந்தால் சமாளிக்கலாம். தேசிய சேவை முடிக்கும் ஆண்டில் வந்தால் முடியாது. அதனால் மகள் உயர்நிலை இரண்டை எட்டும் 2033லிருந்து, ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு வீதம் பங்கு நிதியை விற்றுச் சேமிப்புப் பத்திரத்துக்கோ, அரசின் குறுகிய காலக் கடன் பத்திரமான கருவூல உண்டியலுக்கோ மாற்றிக்கொண்டே வாருங்கள். மகனுக்கு இது 2039ல் தொடங்கும். சந்தை நன்றாக இருக்கிறதே, இன்னும் ஒரு வருடம் வைக்கலாமே என்று அப்போது தோன்றும். தோன்றினாலும் மாற்றிவிடுங்கள்.

கணக்குகள் உங்கள் இருவர் பேரிலேயே இருக்கட்டும், எந்தப் பணம் எந்தப் பிள்ளைக்கு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மகள் உயர்நிலை மூன்றுக்குப் போகும்போது அந்த நோட்டை அவளிடமும் காட்டுங்கள். எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு கடனாக வாங்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தால், எந்தப் படிப்பு, எந்த ஊர் என்ற பேச்சை அவளும் உங்களோடு உட்கார்ந்து பேச முடியும்.