கடற்கன்னியும் நெல்லிக்கனியும் – வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கோடை விடுமுறையில் அக்கா மகளுடன் சேர்ந்து ‘தி லெஜண்ட் ஆஃப் தி ப்ளூ சீ’ என்ற கொரியத் தொடரின் 20 பகுதிகளையும் பார்த்து முடித்தேன். காதலனை நோக்கி வந்த துப்பாக்கிக் குண்டைக் கடற்கன்னி தன் உடலில் ஏற்கிறாள். இதயம் தளர்ந்து கடலுக்குத் திரும்ப நேரும்போது, அவன் மனத்திலிருந்து தன்னைப் பற்றிய நினைவுகளை அழித்துவிட்டுப் போகிறாள். அக்கா மகள் அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தகைய கதைகளில் இழப்பவள் ஏன் எப்போதும் பெண்ணாகவே இருக்கிறாள்? தருமபுரிப் பக்கத்தில் பிறந்த நமக்குத் தியாகம் என்றாலே அதியமான் ஔவையாருக்குக் கொடுத்த நெல்லிக்கனிதான் நினைவுக்கு வருகிறது. அந்த உயரம் இந்தக் கதைக்கு உண்டா? கடைசியில் இருவரும் கடலோர ஊரில் குடும்பம் நடத்துவதாக முடித்திருப்பதும் சப்பென்று இருந்தது.

தங்கள் வாசகி,
பென்னாகரம்

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். 2016 நவம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய அந்தத் தொடரை நானும் பார்த்திருக்கிறேன். சிற்றன்னையின் சொத்துச் சூழ்ச்சியைப் பல பகுதிகளுக்கு இழுத்தது எனக்கு அலுப்பூட்டியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இழப்பவள் எப்போதும் பெண்தான் என்பதை இந்தத் தொடரின் அளவில் என்னால் ஏற்க இயலவில்லை. கொரியாவை முன்பு ஆண்ட ஜோசன் அரசின் காலத்தில் நிகழும், அவ்விருவரின் முற்பிறவிக் கதையில், அவள்மீது எறியப்பட்ட ஈட்டியைத் தன் உடலில் வாங்கி இறப்பவன் ஆண். அதே ஈட்டியால் அவளும் தன்னை மாய்த்துக்கொள்கிறாள். ஆகவே உங்கள் கோபத்தின் காரணம் வேறிடத்தில் இருப்பதாக எண்ணுகிறேன். அவள் உயிரைக் கொடுக்கத் துணிந்தது உங்களை உறுத்தவில்லை. எத்தனை வலித்தாலும் நினைவோடு வாழவே விரும்பிய ஒருவனின் நினைவை அவள் தானாகவே முடிவுசெய்து அழித்ததுதான் உறுத்தியிருக்கிறது. அந்த உறுத்தல் நியாயமானது.

நீங்கள் குறிப்பிட்ட நெல்லிக்கனியை வைத்தே இதைப் பார்க்கலாம். அதியமானும் மறைத்துத்தான் கொடுத்தான். பெருமலையின் பிளவில் அரிதின் முயன்று பெற்ற கனியை, அதன் பயனைத் தன் உள்ளத்துள் அடக்கிக்கொண்டு, தமக்குச் சாவு நீங்கும்படி அளித்தான் என்று புறநானூற்றின் 91ஆம் பாடலில் ஔவையாரே சொல்கிறார். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர் வாங்கியிருக்க மாட்டார் என்பதால் அந்த மறைப்பை நாம் மன்னித்துவிடுகிறோம். ஆனால், நம் பள்ளிகளில் கனியைக் கொடுத்ததோடு கதையை முடித்துவிடுகிறார்கள். பாடலில் அது மட்டும் இல்லை. உண்மையை அறிந்துகொண்ட ஔவையார், நஞ்சுண்டும் அழியாத நீலமணிமிடற்று இறைவனைப் போல நீ நிலைபெறுவாயாக என்று அவனை வாழ்த்துகிறார். அவன் தமக்காக விட்டுக்கொடுத்த நெடுவாழ்வை அவர் வாழ்த்தாக அவனுக்கே திருப்பித் தருகிறார். பெற்றவர் அறிந்து மறுமொழி சொன்னதால்தான் அந்தக் கொடை இரண்டு பேருக்கும் உரியதாயிற்று.

டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின், 1837இல் வெளிவந்த கடற்கன்னிக் கதையில் இந்த மறுமொழிக்கே இடமில்லை. குரலை விலையாகக் கொடுத்துக் கால்களைப் பெற்று, ஒவ்வோர் அடியிலும் கத்திமேல் நடப்பது போன்ற வலியைத் தாங்கி, தமக்கையர் தங்கள் கூந்தலைக் கொடுத்து வாங்கிவந்த கத்தியால் இளவரசனைக் கொன்று தன் உயிரைக் காத்துக்கொள்ளவும் மறுத்து, அவள் கடல்நுரையாகக் கரைகிறாள். கடலில் மூழ்கவிருந்த தன்னைக் காப்பாற்றியவள் அவள்தான் என்பது கடைசிவரை அவனுக்குத் தெரியவே தெரியாது. அந்தக் கதை நம்மைக் கலங்கடிப்பது அவள் இறந்ததனால் மட்டுமன்று, அவன் அறியாமலே போனதனாலும்தான்.

கொரியத் தொடரின் நாயகிக்குச் சிம் சொங் என்று பெயர் வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பார்வையற்ற தந்தைக்குக் கண் கிடைப்பதற்காக 300 மூட்டை அரிசிக்குத் தன்னை விற்று, கடலுக்குப் பலியாகக் குதித்த மகளின் பெயர் அது. கொரியர் அனைவரும் அறிந்த பழங்கதை. அந்த அரிசியைக் காணிக்கையாகச் செலுத்திய பின்னும் தந்தையின் கண் திறக்கவில்லை. இறந்துவிட்டாள் என்று நம்பியிருந்த மகள், அரசியாகிப் பார்வையற்றோர்க்கு விருந்து வைத்து, அவரை நேரில் கண்டு ‘அப்பா’ என்று அழைத்தபோதுதான் திறந்தது.

இதனால்தான் குண்டடிக் காட்சியை விட நாயகன் எழுதிய நாட்குறிப்பைத் தொடரின் உச்சம் என்பேன். நினைவு அழியக்கூடும் என்று அஞ்சி, அவளைப் பற்றி முன்னதாகவே எழுதிவைத்து, அதைப் படித்துப் படித்து அவளை அவன் மீட்டுக்கொள்கிறான். அவள் தனியே எடுத்த முடிவுக்கு அவன் சொன்ன மறுமொழி அது. மூன்றாண்டுகள் கழித்து அவள் திரும்பி வரும்போது அந்த மறுமொழி அவளைச் சேர்கிறது.

முடிவைப் பற்றி உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. சியோல் நகரத்து வாழ்க்கைக்குப் பழகியவன் அவளுடைய கடலுக்கு அருகில் வீடு பார்த்துக் குடியேறுவது, குண்டை ஏற்பதோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய விட்டுக்கொடுத்தல்தான். ஆனால், அந்தத் தொடரில் இருவரில் எவரும் சாகாமலும், எவருக்கும் எதுவும் மறைக்கப்படாமலும் நிகழும் விட்டுக்கொடுத்தல் அது. உங்கள் அக்கா மகள் அந்த இடத்தில் என்ன சொன்னாள் என்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள், இயன்றால் எழுதுங்கள்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து