11 ஆண்டுகளாகப் பேசாத தங்கையைப் பார்க்கப் போகிறேன்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: என் அப்பா 1977இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தென்பகுதியில், டிஃப்டன் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் மருத்துவராகப் பணியேற்றார். அப்போது எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு மூன்று. இப்போது நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். அவள் அந்த ஊரிலேயே பெற்றோருடன் தங்கிவிட்டாள். 11 ஆண்டுகளுக்கு முன், அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள், "வீட்டுக்காகத்தானே அம்மாவை இங்கேயே வைத்துக்கொள்ளப் பார்க்கிறாய்" என்று அவளிடம் கேட்டுவிட்டேன். பதிலுக்கு அவள் சொன்னதை எழுத மனம் வரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. கடந்த பிப்ரவரியில் அம்மா தவறியபோதும் ஒரே கூடத்தில் நின்றுகொண்டு பேசாமல் திரும்பினோம். அம்மா, அப்பா இருவருமே உயில் எழுதவில்லை. நவம்பரில் தாங்க்ஸ்கிவிங் (அமெரிக்கர்களின் நன்றி கூறும் நாள்) விருந்தன்று நேராக வீட்டுக்கே போய் நிற்கலாமா? வீட்டுப் பேச்சை இப்போதைக்கு எடுக்காதே என்கிறார் கணவர். அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது தவறா?

பதில்: உங்கள் கணவர் சொல்வதைத்தான் பெரும்பாலோர் சொல்வார்கள், முதலில் மனம் ஒட்டட்டும், சொத்தைப் பிறகு பார்க்கலாம் என்பது கேட்பதற்கு இதமான யோசனைதான். ஆனால் உங்கள் விஷயத்தில் நான் மாறுபடுகிறேன். நீங்கள் இருவரும் பிரிந்தது வீட்டைப் பற்றிய ஒரு வாக்கியத்தால். அந்த வீட்டின் கணக்கு தீராதிருக்கும்வரை, நீங்கள் எவ்வளவு பாசமாகப் பேசினாலும் "இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது" என்றுதான் உங்கள் தங்கை கேட்டுக்கொண்டிருப்பார். ஆகவே வீட்டைப் பற்றிய உங்கள் நிலைப்பாட்டை, போவதற்கு முன்பே, எழுத்தில், சுருக்கமாக அவருக்குத் தெரிவித்துவிடுங்கள். சந்திக்கும் நாளில் அதைத் தொடாதீர்கள்.

நிலைப்பாட்டை எழுதுவதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஜார்ஜியாவில் உயிலின்றி இறந்தவருக்குத் துணைவர் உயிருடன் இல்லையென்றால் பிள்ளைகளுக்குச் சமபங்கு. உரிமை இறப்போடு வாரிசுகளுக்கு வந்துவிடுகிறது. பத்திரம் அம்மாவின் பெயரில் மட்டும் இருந்ததா, அப்பாவின் பெயரும் சேர்ந்திருந்ததா என்பதை அந்த மாவட்டத்து மேல் நீதிமன்ற எழுத்தர் அலுவலகப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பங்கு தனியாக நின்றிருந்தாலும் கடைசியில் உங்களுக்குப் பாதி, அவருக்குப் பாதிதான். ஆனால் அப்பாவின் சொத்துக்கும் நீதிமன்றத்தில் தனியே ஒரு மனு போட வேண்டியிருக்கும். உயில் இல்லை, கடன் இல்லை, பங்கீட்டில் எல்லா வாரிசுகளும் ஒத்துப்போகிறார்கள் என்றால், சொத்து நிர்வாகியை நியமிக்கத் தேவையில்லை என்று மாவட்ட வாரிசுரிமை நீதிமன்றத்திடமே உத்தரவு பெறலாம். அந்த மனுவோடு வைக்கும் பங்கீட்டு ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும். 11 ஆண்டுகளில் உங்கள் இருவர் பெயரும் சேர்ந்து வரப்போகும் முதல் காகிதம் அதுவாக இருக்கலாம். இவற்றைச் சரிபார்க்க ஜார்ஜியா வழக்கறிஞர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள்.

ஒத்துப்போகாவிட்டால்? கூட்டுரிமையாளர் யாரும் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். ஒரு பங்காளியின் வழக்கால் முழு நிலமும் அடிமாட்டு விலைக்கு ஏலம் போன கதைகள் அமெரிக்கத் தென்மாநிலங்களில், குறிப்பாகக் கறுப்பினக் குடும்பங்களில், ஏராளம். அதைத் தடுக்கவே 2010இல், மாநிலங்கள் ஏற்றுக்கொள்வதற்கென ஒரு மாதிரிச் சட்டம் வகுக்கப்பட்டது. ஜார்ஜியா அதை 2012இலும் அலபாமா 2014இலும் ஏற்றன. அதன்படி விற்றுத் தரும்படி ஒருவர் கேட்டால், நீதிமன்றம் மதிப்பிடும் விலையில் அவருடைய பங்கை வாங்கிக்கொள்ளும் முதல் வாய்ப்பு மற்றவருக்கு உண்டு. வழக்குப் போடுங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வீட்டை விட்டு வெளியேற்றிவிடுவார்களோ என்ற அச்சம் உங்கள் தங்கைக்கு இருந்தால், அதற்குச் சட்டத்திலேயே ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது என்பது இருவருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

சட்டம் கணக்கில் எடுக்காதது ஒன்று இருக்கிறது. 11 ஆண்டுகள் அம்மாவைப் பார்த்துக்கொண்டதற்கு, முன்கூட்டி ஓர் உடன்பாடு இல்லாதபோது, மகளுக்குக் கூலி தர வேண்டும் என்று ஜார்ஜியா சட்டம் பொதுவாகக் கருதுவதில்லை; நெருங்கிய உறவுக்குள் செய்ததை அன்பினால் செய்ததாகவே எடுத்துக்கொள்கிறது. நீங்கள் அந்தச் சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது. வீட்டின் மதிப்பு 1,80,000 டாலர், கூரை மாற்றவும் சொத்து வரிக்கும் அவர் கையிலிருந்து போனது 30,000 டாலர் என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். அந்த 30,000ஐ முதலில் அவருக்குக் கழித்துவிட்டு மீதியைப் பிரிப்பது குறைந்தபட்ச நியாயம். அதற்கு மேல் எவ்வளவு என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஆனால் ரசீது கேட்காதீர்கள்.

இனி சந்திப்பு. நம் ஊர்களில் அக்காள் தங்கை பேச்சு அறுந்தால் ஒட்டவைக்க ஒரு தாய்மாமனோ, பெரியம்மாவோ, பத்திரிகை வைக்கப் போகும் ஒரு கல்யாணமோ இருக்கும். ஆசியர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் அமெரிக்கச் சிற்றூர்களுக்குப் போன மருத்துவர் குடும்பங்கள் பலவற்றில் அந்த நடு ஆள் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் அக்காவுக்குத் தங்கையும் தங்கைக்கு அக்காவுமே மொத்தச் சொந்தம். அந்தக் குறையை ஊர்க்காரர்களை வைத்து நிரப்ப முயலாதீர்கள். துக்க வீட்டுக்குப் பாத்திரம் பாத்திரமாகச் சமைத்து எடுத்துவரும் அந்த அண்டை வீட்டார் நல்லவர்கள்தான்; ஆனால் அவர்கள் உங்கள் தங்கையின் ஆட்கள். அவர்கள் வழியாக அனுப்பும் சேதி, நீங்கள் கிளம்பும் முன்பே தேவாலயத்து வாசல்வரை போய்ச் சேர்ந்திருக்கும்.

தாங்க்ஸ்கிவிங் விருந்தன்று போக வேண்டாம். அது நவம்பர் நான்காம் வியாழன். அம்மா இல்லாத முதல் விருந்து அவருக்கு வேறு. அந்த மேசையில் காலியாக இருக்கும் நாற்காலியை இருவரும் பார்த்துக்கொண்டே பேசுவது கடினம். ஒரு வாரம் முன்னதாகப் போங்கள், தனியாகப் போங்கள்; கணவர் வந்தால் அது பேச்சுவார்த்தைக் குழு ஆகிவிடும். முதல் சந்திப்பை அட்லாண்டாவுக்கும் டிஃப்டனுக்கும் நடுவே, 75ஆம் நெடுஞ்சாலையில் இருக்கும் மேக்கன் நகரில் ஒரு மதிய உணவாக வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை மணி நேரம் போதும். அட்லாண்டாவுக்குத் தெற்கே ரிவர்டேலில் உள்ள பெருமாள் கோயில் பொருத்தமாகத் தோன்றும், ஆனால் அங்கே தெரிந்த மாமிகள் நால்வராவது எதிர்ப்படுவார்கள் என்பதால் அது இரண்டாம் சந்திப்புக்கு.

அவர் வீட்டுக்கு அழைத்தால் கட்டாயம் போங்கள், ஆனால் இரவு விடுதியில் தங்குங்கள். கையால் செய்யும் வேலை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நவம்பரில் தெற்கு ஜார்ஜியாவில் பீக்கன் கொட்டை உதிரும் காலம். தோட்டத்தில் மரம் இருந்தால் இருவரும் குனிந்து பொறுக்கலாம். முகத்துக்கு முகம் உட்கார்ந்து வராத பேச்சு, பக்கத்தில் பக்கத்தில் குனிந்திருக்கும்போது வருவதை என்னிடம் வந்த பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

மன்னிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். கார்னெல் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் கார்ல் பில்லமர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் 1,340 பேரைக் கேட்டபோது 27 சதவீதத்தினர் உறவினர் ஒருவரோடு தொடர்பறுந்து இருந்தனர். மீண்டும் சேர்ந்தவர்களிடம் அவர் கண்ட பொதுக்கூறு, பழைய நிகழ்வைத் தாங்கள் பார்த்தபடியே மற்றவரும் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதத்தைக் கைவிட்டிருந்தார்கள் என்பதே. எதிர்பார்ப்பது தவறல்ல, அதை நிபந்தனையாக்கினால் சந்திப்பு நடக்காது. அதோடு, முதல் சொல் உங்களுடையது. மூத்தவளிடம் சின்னவள்தான் இறங்கி வர வேண்டும் என்ற கணக்கு, பதினோரு ஆண்டு அந்த வீட்டில் மூத்தவளாக இருந்தது அவர் என்பதால், இங்கே செல்லாது.

குறுஞ்செய்தியைவிடக் கடிதம் நல்லது. இப்படி எழுதலாம்: "அப்பா காரியத்துக்கு மறுநாள் நான் கேட்ட கேள்வி தவறு. அம்மாவை நீ பார்த்துக்கொண்டாய், நான் பார்க்கவில்லை. நீ விரும்பும்வரை அந்த வீட்டில் இரு, விற்கச் சொல்லி நான் கேட்க மாட்டேன். கணக்கை நீ சொல்லும் நாளில் பேசலாம். நவம்பரில் மேக்கன்வரை வருகிறேன். வர முடிந்தால் வா. அக்கா." விற்கச் சொல்ல மாட்டேன் என்ற வரியை உண்மையிலேயே காப்பாற்ற முடியும் என்றால் மட்டும் எழுதுங்கள், முடியாதென்றால் "இரண்டு ஆண்டுகளுக்கு" என்று காலம் குறித்து எழுதுங்கள்.

பதில் வராமலும் போகலாம். ஆறு வாரம் பொறுத்து, அம்மாவின் முதல் திதி நாளைக் குறிப்பிட்டு இன்னொரு கடிதம் அனுப்புங்கள். அஸ்தி இன்னும் அவரிடம் இருந்தால் எப்போது, எங்கே கரைக்க விரும்புகிறார் என்று மட்டும் அதில் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வீட்டுக் காகிதங்களை வழக்கறிஞர் வழியாக அனுப்ப வேண்டியிருக்கும். அந்த உறை அவர் கைக்குப் போய்ச் சேரும் முன், அது வரப்போகிறது என்பதை நீங்களே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அவர் எடுக்காவிட்டால் குரல் பதிவாக விட்டுவையுங்கள்.