ஆட்சி கவிழ்ந்தால் அரசு கவிழுமா?

கேள்வி: நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றால் ‘அரசு கவிழ்ந்தது’ என்று எழுதுகிறார்களே, சரியா?

பதில்: கவிழ்வது அமைச்சரவைதான். அரசு என்பது மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை நான்கும் சேர்ந்தது. அரசாங்கம் அதில் ஓர் உறுப்பு. தமிழில் இரண்டையும் ‘அரசு’ என்றே சொல்லிப் பழகிவிட்டதால் வரும் குழப்பம் இது.

1999 ஏப்ரல் 17-ஐப் பாருங்கள். அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதும், மக்களவையில் நம்பிக்கை கோரும்படி பிரதமர் வாஜ்பாயிடம் குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன் கூறினார். ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஓட்டில் ஆட்சி போயிற்று. ஆனால் அடுத்த ஏற்பாடு வரை அதே அமைச்சரவை காபந்து (இடைக்காலப் பொறுப்பு) அரசாங்கமாக நீடித்தது. கார்கில் போரே அந்த இடைக்காலத்தில்தான் நடந்தது. ராணுவம், நீதிமன்றம், ஊழியர் சம்பளம் எதுவும் நிற்கவில்லை. அரசு தொடர்ந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இன்னொன்று: நம்பிக்கை கோரும் தீர்மானத்தைப் பிரதமர் கொண்டுவருவார். நம்பிக்கையில்லாத் தீர்மானம் மக்களவையில் மட்டுமே வரும். அனுமதி கிடைக்க குறைந்தது 50 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. மாநிலங்களவைக்கு இந்த அதிகாரம் கிடையாது. அமைச்சரவை மக்களவைக்கே கூட்டுப்பொறுப்பு உடையது என்கிறது அரசியலமைப்பின் 75(3) பிரிவு.