ஏழாவது ஆசிரியருக்கு விக்கிப்பீடியாக் கணக்கு திறக்க முடியவில்லை

ஒரே இணைய இணைப்பிலிருந்து 24 மணி நேரத்துக்குள் ஆறு கணக்குகள்தான் திறக்கலாம், ரீச்சர். திருகோணமலைச் செயலமர்வில் ஆறு பேருக்குச் சரிவந்து ஏழாமவரிலிருந்து மறுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கடவுச்சொல்லில் பிழை இருக்காது. ஆய்வுகூடக் கணினிகள் எல்லாம் ஒரே ரவுட்டரில் ஓடுவதால் வெளியே ஒரே ஐபி முகவரியாகத்தான், அதாவது ஒரே இணைப்பு எண்ணாகத்தான், தெரியும்.

ஏழாமவர் வைஃபையை நிறுத்திவிட்டு கைபேசி டேட்டாவில் ஒருக்கால் முயன்று பார்க்கட்டும். திறந்தால் காரணம் இதுதான்.

ஆனால் மொபைல் டேட்டாவிலும் பலர் ஒரே முகவரியைப் பகிர்வதுண்டு, அங்கேயும் மறுக்கலாம். அடுத்த முறை எல்லோரையும் முதல் நாளே வீட்டிலிருந்து கணக்குத் திறந்து வரச் சொல்லுங்கள், அதுதான் நல்லது.

அப்புறம், இதற்காகப் பயிற்சியை நிறுத்த வேண்டாம். வாசிக்கக் கணக்கே தேவையில்லை. கன்னியா வெந்நீரூற்றுக் கட்டுரையைத் திறந்து, ஏழு கிணறுகள் என்ற தகவலுக்கு மேற்கோள் எண் இருக்கிறதா, சொடுக்கினால் எங்கே போகிறது, கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் கடைசியாக என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று ஆசிரியர்களைத் தேட விடுங்கள். பிள்ளைகள் கட்டுரையை அப்படியே கொப்பியில் இறக்காமல் இருக்க வேண்டுமென்றால் ஆசிரியருக்கு முதலில் இந்தப் பழக்கம்தான் வர வேண்டும். கணக்குக் கிடைத்தவர்கள் மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகட்டும்.