வருடக்கணக்கில் வயிற்று டயாலிசிஸ் செய்தால் வயிற்றின் உள்சவ்வு கெட்டுப்போகுமா?

கேள்வி: அப்பா ஆறு வருடமாக சிஏபிடி (மெஷின் இல்லாமல் கையால் பை மாற்றிச் செய்யும் வயிற்று டயாலிசிஸ்) செய்கிறார். 2 லிட்டர் விட்டால் முன்பு 2.4 லிட்டர் வடியும். இப்போது 2.1 தாண்டுவதில்லை. சவ்வு போய்விட்டதா?

சவ்வைச் சந்தேகப்படும் முன் வயிற்றில் பொருத்திய குழாயைப் பாருங்கள். நர்ஸ் முன்னிலையில் 2 லிட்டரை உள்ளே விட்டு, ஊறவிடாமல் உடனே வடிக்கச் சொல்லுங்கள். சுமார் 20 நிமிடத்தில் விட்டதெல்லாம் திரும்பி வந்தால் குழாய் சரி. சொட்டுச் சொட்டாக வந்தாலோ, புரண்டு படுத்தால்தான் வந்தாலோ, குழாய் நுனி இடம் மாறியிருக்கலாம்; உள்ளே ஃபைப்ரின் (நார் போன்ற வெள்ளைப் புரதம்) அடைத்திருக்கலாம். வெறும் மலச்சிக்கலே இப்படிச் செய்வதும் உண்டு.

குழாய் சரி என்றால் சவ்வுதான். 2.5% டயாலிசிஸ் திரவப் பை ஒன்றில் (2 லிட்டர்) ஏறக்குறைய 45 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது, 4.25% பையில் 77 கிராம். அந்தச் சர்க்கரையும், பையைச் சூடாக்கிக் கிருமி நீக்கும்போது அதிலிருந்து உண்டாகும் சிதைபொருட்களும் நாள்தோறும் சவ்வில் படுகின்றன. அடியில் நார்த்திசு தடிக்கிறது, புது ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. 2002இல் வெளியான திசு ஆய்வில், இயல்பாக 50 மைக்ரான் இருக்கும் அடியடுக்கு, எட்டு வருடம் தாண்டியவர்களுக்குச் சுமார் 700 மைக்ரானாக இருந்தது.

ரத்தக் குழாய்கள் பெருகினால், நீரை இழுக்கும் குளுக்கோஸ் சீக்கிரமே உடம்புக்குள் போய்விடும். அதன் பிறகு நீரை இழுக்க வயிற்றில் எதுவும் மிஞ்சாது. அதனால்தான் கிரியாட்டினின் நன்றாக இருக்கும்போதே கால் வீங்குகிறது. ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

உறுதிப்படுத்த ‘பெட்’ (PET) டெஸ்ட் இருக்கிறது; சவ்வு எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று அது காட்டும். பெரிடோனைடிஸ் (வயிற்றுச் சவ்வு அழற்சி) வந்திருந்தால், அது குணமாகி ஒரு மாதமாவது கழித்துச் செய்ய வேண்டும். நான்கு மணி நேரம் ஊறியபின் வடிநீர் கிரியாட்டினினை ரத்த கிரியாட்டினினால் வகுத்து வரும் எண் 0.81க்கு மேல் போனால், அது வேகமாகக் கடத்தும் சவ்வு. 4.25% பையில் நான்கு மணி நேரத்தில் கூடுதலாக 400 மில்லிகூட வரவில்லை என்றால் நீர் இழுக்கும் திறன் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அதே பையில் ஒரு மணி நேரத்தில் வடிநீரின் சோடியம் நன்றாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் நீர் மட்டும் போகும் நுண்துளைகளும் பழுதாகியிருக்கக்கூடும்.

நீர் குறைகிறதே என்று நீங்களாக 4.25% பைக்குத் தாவாதீர்கள், தயவுசெய்து. அது சவ்வை இன்னும் வேகமாகக் கெடுக்கும். ஊறும் நேரத்தைக் குறைப்பது, இரவில் மெஷின் வைத்துச் செய்வது, நீண்ட நேரம் ஊறும் பைக்கு 7.5% ஐகோடெக்ஸ்ட்ரின் (குளுக்கோஸுக்குப் பதிலாக நீரை இழுக்கும் மாவுப்பொருள்) போடுவது ஆகியவை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஐகோடெக்ஸ்ட்ரின் போட்டால் சில வகை குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் ஆபத்து. எந்த ஸ்ட்ரிப் சரி என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டை நிறுத்துங்கள். உப்பு குறைந்தால் தாகம் குறையும், வலுவான பையின் தேவையும் குறையும்.

இன்னொன்று. வாந்தி, வயிறு உப்பிசம், எடை இறக்கம், வடிநீரில் ரத்தச் சாயல் இருந்தால் உடனே போய்க் காட்டுங்கள். சவ்வு தடித்துக் குடலையே இறுக்கிச் சுற்றிக்கொள்ளும் நிலை அபூர்வம்தான், ஆனால் வருடம் ஏற ஏற வாய்ப்பு கூடும். ஹீமோடயாலிசிஸுக்கு மாறிய பிறகும், மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகும்கூட அது வரலாம். அப்போது பார்க்கும் டாக்டரிடம் இத்தனை வருடம் வயிற்று டயாலிசிஸ் செய்ததைக் கட்டாயம் சொல்லுங்கள்.