நடிகை ராதிகாவைத் தெரியும். தயாரிப்பாளராக அவர் சாதித்தது என்ன?

'கிழக்கே போகும் ரயில்' (1978) ராதிகாவை எல்லோருக்கும் தெரியும். சீரியலும் சினிமாவும் தயாரிக்கும் ராடான் நிறுவனத்தை நடத்திய ராதிகாவைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. சீரியல் தயாரிப்பு அலுவலகம் ஒன்றில் சில வருடம் வேலை பார்த்தவன் நான். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது அங்கேதான்.

தயாரிப்பில் அவர் முதலில் இறங்கியது சினிமாவுக்காக. பிரதாப் போத்தன் முதன்முதலாக இயக்கிய 'மீண்டும் ஒரு காதல் கதை' அவர் தயாரித்த படம். அறிமுக இயக்குநரின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அப்போது ராதிகாவுக்கு இருபது வயதைத் தாண்டி இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருக்கும்.

அப்புறம் 1999 கடைசியில் சன் டிவியில் ராடானின் 'சித்தி' சீரியல் வந்தது. அது வீடுகளில் என்ன செய்தது என்று சொல்லவே வேண்டாம். அதன் பின்னால் இருந்த கணக்கைச் சொல்கிறேன். அன்றைய முறைப்படி தயாரிப்பாளர் சேனலுக்குப் பணம் கட்டி அரை மணி நேர ஸ்லாட்டை எடுக்க வேண்டும். படப்பிடிப்புச் செலவும் அவர் தலையில்தான். விளம்பர நேரத்தை விநாடிக் கணக்கில் விற்றுத்தான் போட்டதை எடுக்க முடியும். ரேட்டிங் இறங்கினால் விளம்பரம் குறையும். ஸ்லாட் கட்டணமும் படப்பிடிப்புக் குழுவுக்குத் தினமும் தரும் பேட்டாவும் குறையாது.

கையில் நாலைந்து எபிசோடு இருப்பு இல்லையென்றால் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தூக்கம் வராது. முக்கிய நடிகருக்குக் காய்ச்சல் என்று விடியற்காலையில் போன் வரும். மற்றவர்களின் கால்ஷீட் வாங்கியாகிவிட்டது, ஷூட்டிங் வீட்டு வாடகை ஓடுகிறது, ரத்து செய்ய வழியில்லை. வசனம் எழுதுபவரைப் பிடித்து, அந்தக் கதாபாத்திரம் வெளியூரிலிருந்து போனில் பேசுவதாகக் காட்சியை மாற்றுவோம். இதை நாங்கள் பத்துப் பேர் பங்கு போட்டுச் சமாளித்தோம். ராதிகாவோ இந்தப் பொறுப்பு முழுவதையும் சுமந்துகொண்டு, மேக்கப் போட்டு கேமரா முன்னாலும் நின்றார். 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே' என்று வருடக்கணக்கில் நின்றார்.

சினிமாவையும் அவர் விடவில்லை. 'ஜித்தன்' (2005) ராடான் தயாரிப்புதான். 2010இல் ராடானின் இன்னொரு படமான 'ஜக்குபாய்' தியேட்டருக்கு வருவதற்கு முன்பே இணையத்தில் கசிந்துவிட்டது. சீரியலில் ஒரு வாரம் சறுக்கினால் அடுத்த வாரம் கதையைத் திருப்பிப் பிடிக்கலாம். முடிந்துபோன படத்தில் அதற்கு இடமே இல்லை. அந்த அடிக்குப் பிறகும் அவர் தயாரிப்பை விடவில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அடுத்து 2013இல் தொடங்கிய 'வாணி ராணி'யில் அக்கா தங்கை இருவருமே அவர்தான். இரட்டை வேடம் என்றால் உடை மாற்றி, மேக்கப் மாற்றி, ஒரே காட்சியை இரண்டு முறை எடுக்க வேண்டும். தினசரி சீரியலில் எந்தத் தயாரிப்பாளரும் தவிர்க்கப் பார்க்கும் செலவு அது. அவர் துணிந்து எடுத்தார். 2018 வரை 1,700 எபிசோடுகளுக்கு மேல் ஓடியது.