மலை ஊராட்சியில் திட்டமிடலை எங்கிருந்து தொடங்குவது?

கோத்தகிரிப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் நிலைத்த வளர்ச்சிக்குத் திட்டம் போட முதலில் எதைச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள். மழை நாளில் குடையோடு ஊரைச் சுற்றினால் போதும். எந்த ஓடை தேயிலைத் தோட்டத்துக்குள் காணாமல் போகிறது, எந்தத் தடுப்புச் சுவரில் நீர் வடியத் துளையே இல்லை என்பது தெரிந்துவிடும். துளையில்லாத சுவருக்குப் பின்னால் ஊறிய மண் கனத்துச் சுவரையே தள்ளிவிடும். 2009 நவம்பர் மழையில் எங்கே மண் சரிந்தது என்று பெரியவர்களிடம் கேளுங்கள், கைகாட்டுவார்கள். சதுப்பு நிலத்தை மேடாக்கி மைதானம் அமைக்கும் ஆசையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கோடையிலும் ஓடையில் நீர் கசிவது அந்தச் சதுப்பு நிலத்தால்தான்.

பார்த்ததையெல்லாம் வரைபடத்தில் குறித்துக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கூட்டம் இதற்குப் பொருத்தமானது.